100 இந்தியர்களில் 4 பேருக்கு விடுபட்ட 25 எழுத்துகள்: செல்லை நகர்த்தும், இதயத்தைத் துடிக்க வைக்கும் 'சட்டகம்' எப்படி வேலை செய்கிறது?

இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களில், 100 பேரில் சுமார் 4 பேரின் டிஎன்ஏ-வில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அவை விடுபட்டிருப்பது, இதயத் தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்துக்கான மரபணுவில்.

2009ல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் இந்த ஆய்வு வெளியானது. அதன் முதல் ஆசிரியர், அப்போது மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த பெருந்துறை எஸ். தண்டபாணி. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) விஞ்ஞானி கே. தங்கராஜ் உள்ளிட்ட பலர் இதில் பங்கேற்றனர்.

300 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ-வில் வெறும் 25 போனால் என்ன ஆகிவிடும்? இதற்குப் பதில் தெரியணும்னா, முதலில் ஒரு இயந்திரத்தைப் பற்றித் தெரிஞ்சுக்கணும். இதயத் துடிப்பு, ஜிம்மில் தூக்கும் டம்பெல், இந்தக் கட்டுரையை ஸ்க்ரோல் செய்யும் கட்டைவிரல், காயத்தை நோக்கி ஊர்ந்து போகும் வெள்ளை அணு என எல்லாவற்றையும் நகர்த்துவது கிட்டத்தட்ட அதே இயந்திரம்தான்.

அதன் பெயர் சைட்டோஸ்கெலிட்டன். தமிழில் 'செல் சட்டகம்' எனலாம்.

செல்லுக்குள் எலும்புக்கூடா?

பள்ளிப் பாடப்புத்தகத்தில் செல் படம் வரைந்திருப்போம். ஒரு வட்டம், நடுவே நியூக்ளியஸ், அங்கங்கே மைட்டோகாண்ட்ரியா. மிச்சமெல்லாம் காலி இடம்.

உண்மையில் அது காலி இடம் இல்லை. அங்கே நூல்களும் குழாய்களும் குறுக்கும் நெடுக்குமாக நிறைந்திருக்கின்றன. அவற்றில் மூன்று வகை உண்டு.

- ஆக்டின் இழைகள்: சுமார் 7 நானோமீட்டர் தடிமன். இருப்பதிலேயே மெல்லியவை. செல்லின் வடிவத்துக்கும் நகர்வுக்கும் இவைதான் அடிப்படை.
- இடைநிலை இழைகள்: சுமார் 10 நானோமீட்டர். கயிறு போலப் பின்னப்பட்டவை. இழுத்தாலும் செல் கிழிந்துவிடாமல் தாங்குபவை. நம் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் இந்த வகைதான்.
- நுண்குழல்கள்: சுமார் 25 நானோமீட்டர். உள்ளே வெற்றிடம் உள்ள குழாய்கள். செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்து நடக்கும் சாலைகள்.

இந்த அளவை எப்படிக் கற்பனை செய்வது? ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த அகலத்துக்குள் ஆக்டின் இழைகளை 11,000-க்கும் மேல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடலாம்.

'எலும்புக்கூடு' என்ற பெயர் ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடும். நம் எலும்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. செல் சட்டகம் அப்படியில்லை. ஆக்டின் இழையின் ஒரு முனையில் புதிய மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டே இருக்கும். மறு முனையில் பழையவை உதிர்ந்துகொண்டே இருக்கும்.

கல்யாணப் பந்தலை நினைத்துப் பாருங்க. பின்பக்கம் மூங்கிலைப் பிரித்து, அதையே கொண்டுபோய் முன்பக்கம் நட்டுக்கொண்டே போனால், ஆள் யாரும் தூக்காமலே பந்தல் தெருவில் நகரும் இல்லையா? செல்லின் சட்டகம் அப்படிப்பட்ட பந்தல். பிரிப்பதும் கட்டுவதும் ஓயாமல் நடப்பதுதான் அதன் பலம். எந்தப் பக்கம் நின்றுபோனாலும் சிக்கல்தான்.

செங்காந்தள் விதை செய்யும் வேலை

அந்தச் சிக்கலையே மருந்தாக மாற்றியிருக்கிறார்கள். அதில் ஒன்று தமிழ்நாட்டு வயல்களில் விளைகிறது.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை, விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். திருப்பூர், திண்டுக்கல், கரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையில் இருப்பது கால்ச்சிசின் என்ற வேதிப்பொருள். நுண்குழல்களைக் கட்டும் 'செங்கல்' டியூபுலின் என்ற புரதம். கால்ச்சிசின் போய் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு குழல் வளராது.

சொல்லப்போனால், டியூபுலின் கண்டுபிடிக்கப்பட்டதே இப்படித்தான். கால்ச்சிசின் செல்லுக்குள் எதில் போய் ஒட்டுகிறது என்று 1960களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் தேடினார்கள். தேடலின் முடிவில் கிடைத்த புரதம்தான் டியூபுலின்.

கீல்வாதத்தில் ஒரு வகையான 'கவுட்' வலிக்குக் கால்ச்சிசின் மாத்திரை தருவார்கள். யூரிக் அமிலப் படிகங்களைத் தேடி மூட்டுக்குள் குவியும் வெள்ளை அணுக்களின் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. மாரடைப்பு அபாயத்தைக் குறைப்பதற்காக, குறைந்த அளவிலான கால்ச்சிசினை 2023ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் (எஃப்டிஏ) அங்கீகரித்தது.

ஒரு எச்சரிக்கை: செங்காந்தள் செடியின் எல்லாப் பாகங்களும் விஷம், கிழங்கு உட்பட. மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. இயற்கையாகக் கிடைப்பதுதானே என்று வீட்டு வைத்தியமாக முயற்சிக்கக் கூடாது.

புற்றுநோய் மருந்துகளிலும் இதே கதைதான். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், நுண்குழலைக் கட்ட விடாமல் தடுக்கும். யூ மரப் பட்டையிலிருந்து முதலில் பிரிக்கப்பட்ட பேக்லிடாக்சல் அதற்கு நேர் எதிர். கட்டிய குழலைப் பிரிக்க விடாது. இரண்டின் விளைவும் ஒன்றே. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் கட்டப்படணும், பிரிக்கப்படணும். அது நடக்காவிட்டால் வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல் மாட்டிக்கொண்டு செத்துப்போகும்.

கீமோ எடுத்துக்கொள்ளும் பலர், கை கால் விரல் மரத்துப்போகுது என்பார்கள். அதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் ஒரு நரம்பு செல்லின் நீளம் சுமார் 1 மீட்டர். அதற்குள் சரக்கைச் சுமந்து போவது கைனீசின் என்ற புரதம். 1985ல் கணவாயின் நரம்பில் கண்டுபிடிக்கப்பட்ட இது, ஒரு அடிக்கு 8 நானோமீட்டர் வீதம் நுண்குழல் மீது நடக்கிறது. நரம்புக்குள் வேகமான சரக்குகூட ஒரு நாளில் அதிகபட்சம் 40 செ.மீ. தூரம்தான் போகும். அப்படியென்றால் கால் விரலுக்குப் போய்ச் சேர இரண்டரை நாள். சாலை பழுதானால் முதலில் தவிப்பது கடைசி ஸ்டாப்தானே?

கால் இல்லாத செல் எப்படி நடக்குது?

1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்த ஒரு குட்டிப் படம் இன்றும் யூடியூபில் சுற்றுகிறது. சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு வெள்ளை அணு, ஒரு பாக்டீரியாவைத் துரத்துகிறது. பாக்டீரியா திரும்பினால் அதுவும் திரும்புகிறது. கடைசியில் பிடித்து விழுங்கிவிடுகிறது. கண்ணும் மூளையும் இல்லாத ஒரு ஒற்றைச் செல்தான் இவ்வளவும் செய்கிறது.

இந்தத் துரத்தலில் நான்கு கட்டங்கள் உண்டு.

முதலில், பாக்டீரியாவிடமிருந்து வரும் வேதி வாசனை எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் ஆக்டின் இழைகள் வேகமாக வளர்கின்றன. மரக்கிளை போல ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கின்றன. அந்தக் கிளைகள் செல்லின் சவ்வை உள்ளிருந்து முன்னால் தள்ளுகின்றன.

அடுத்து, நீண்ட அந்த முன்பகுதி தரையைப் பற்றிக்கொள்கிறது. மூன்றாவது கட்டத்தில் மயோசின் என்ற புரதம் வருகிறது. அது ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கும். செல்லின் உடல் முன்னால் நகரும். கடைசியாக, பின்பக்கப் பிடி தளர்ந்து வால் பகுதி சுருங்கி வந்து சேரும்.

வெள்ளை அணுவின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு வெறும் 1 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அதன் உடல் அளவே 10 மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டும் என்பதால், நிமிடத்துக்குத் தன் உடல் நீளம் அளவுக்கு அது நகர்கிறது.

இந்த நடை நின்றுபோனால்? விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய்க்குறி என்ற அரிய மரபணு நோயில் அதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிப்பது. ஆக்டின் கிளைப்பதைத் தொடங்கிவைக்கும் புரதம் ரத்த அணுக்களில் சரியாக இருக்காது. அடிக்கடி தொற்று, தோல் அரிப்பு, ரத்தக்கசிவு என்று குழந்தை தவிக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. புற்றுநோய் செல் கட்டியை விட்டு வெளியேறி வேறு உறுப்புக்குப் பரவும்போதும் இதே நடையைத்தான் பயன்படுத்துகிறது.

அதே ஜோடிதான் தசையிலும்

ஆக்டின், மயோசின். இந்த ஜோடியை ஊர்ந்து போகும் செல்லில் பார்த்தோம். ஆனால் விஞ்ஞானிகள் இவற்றை முதலில் கண்டது தசையில்தான். இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஹங்கேரியின் செகெட் நகரில், வைட்டமின் சி ஆய்வுக்காக ஏற்கெனவே நோபல் பரிசு வாங்கியிருந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் புருனோ ஸ்ட்ராப் ஆக்டினைப் பிரித்தெடுத்தார். ஆக்டினையும் மயோசினையும் சேர்த்து நூலாக்கி, அதில் ஏடிபி என்ற எரிபொருளைச் சேர்த்தார்கள். நூல் சுருங்கியது. உயிருள்ள தசையின் வேலையை, உயிரில்லாத ஒரு நூல் கண்ணாடிக் குடுவைக்குள் செய்து காட்டியது.

ஆனால் எப்படிச் சுருங்குகிறது? புரதங்கள் ஸ்பிரிங் போல மடங்குவதாகவே பலரும் நினைத்தார்கள். 1954ல் 'நேச்சர்' இதழின் ஒரே பதிப்பில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடர்கெர்கே எழுதியது. மற்றொன்று ஹ்யூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்ல. இரண்டு குழுக்களும் சொன்னது ஒன்றுதான்: இழைகள் எதுவும் குட்டையாவதில்லை. அவை ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்கின்றன.

உங்கள் இரு கை விரல்களையும் லேசாகக் கோர்த்து, பிறகு உள்ளே தள்ளுங்க. விரல் நீளம் மாறவில்லை. ஆனால் இரண்டு மணிக்கட்டுக்கும் இடையிலான தூரம் குறைந்துவிட்டது. தசைக்குள் நடப்பதும் இதுதான்.

இந்த 'விரல் கோர்ப்பு' நடக்கும் ஒரு அலகின் பெயர் சார்கோமியர். நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. நீளமுள்ள ஒரு தசை நாரில், ரயில் பெட்டி மாதிரி வரிசையாக 40,000 சார்கோமியர்கள். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் குறைந்தால், மொத்தத்தில் 2 செ.மீ. குறையும். கண்ணுக்கே தெரியாத சுருக்கங்கள் வரிசையாகக் கூடி டம்பெல்லைத் தூக்குகின்றன.

இழுப்பது யார்? மயோசினின் தலைகள். ஒவ்வொரு தடித்த இழையிலும் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள். ஒரு தலை ஒருமுறை இழுத்தால் 5 முதல் 10 நானோமீட்டர். ஊர்கூடித் தேர் இழுப்பது போல, ஒரு கை வடத்தை விட்டுப் பிடிக்கும் நேரத்தில் மற்ற கைகள் இழுத்துக்கொண்டிருக்கும்.

இங்கே பலரும் தப்பாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. பிடித்துக்கொள்ளத்தான் எரிபொருள் வேணும் என்று தோன்றும். உண்மையில், பிடியை *விடுவதற்குத்தான்* புதிய ஏடிபி தேவை. இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவது ஏன் என்று இப்போது புரியும். ஏடிபி தீர்ந்துவிட்டது. மயோசின் தலைகள் ஆக்டினைப் பிடித்தது பிடித்தபடியே இருக்கின்றன.

'ட்ரோபோனின் டெஸ்ட்' எங்கே வருது?

எரிபொருள் இருக்கும்வரை தசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானே, ஏன் நிற்கிறது? ஆக்டின் இழை மீது ஒரு பூட்டு இருப்பதால். அந்தப் பூட்டின் முக்கியப் பாகம் ட்ரோபோனின். 1960களில் ஜப்பானிய விஞ்ஞானி செட்சுரோ எபாஷியின் குழு கண்டுபிடித்தது. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் தசைக்குள் கால்சியம் வெளியாகும். கால்சியம் ட்ரோபோனினைத் தொட்டால் பூட்டு திறக்கும். மயோசின் இழுக்கும். கால்சியத்தைத் திரும்ப அள்ளி உள்ளே வைத்தால் பூட்டு விழும்.

நெஞ்சுவலி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்கள் இல்லையா? அதே ட்ரோபோனின்தான். அது இருக்க வேண்டிய இடம் இதயத் தசை செல்லின் உள்ளே. செல் சிதைந்தால்தான் ரத்தத்தில் கசியும். அதனால்தான் ரத்தத்தில் அதன் அளவு ஏறினால், இதயத் தசை சேதமடைந்திருக்கிறது என்று மருத்துவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, அந்த 25 எழுத்து?

மயோசின் தலைகள் எப்போது, எத்தனை, எவ்வளவு வேகமாக இழுக்கணும் என்பதை ஒழுங்குபடுத்த இதயத்தில் இன்னொரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி. பிரேக் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கான மரபணு எம்ஒய்பிபிசி3.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்த மரபணுவில்தான். அதனால் புரதத்தின் கடைசிப் பகுதி மாறிப்போகிறது. தடித்த இழையில் அது சரியாகப் பொருந்துவது பாதிக்கப்படுகிறது.

2009 ஆய்வின்படி, இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இதயத் தசை நோய்க்கான வாய்ப்பு விகிதம் சுமார் 7 மடங்கு. பாதிப்பு பெரும்பாலும் நடுவயதில்தான் வெளிப்படும். அதற்குள் அடுத்த தலைமுறை பிறந்திருக்கும். இந்த மாற்றம் தலைமுறைகளைத் தாண்டி இவ்வளவு பேரிடம் தங்கிவிட்டதற்கு அது ஒரு விளக்கம்.

இந்தியாவின் மக்கள்தொகையைத் தோராயமாக 140 கோடி என்று கொண்டால், 4 சதவீதம் என்பது 5.6 கோடி. சில சமூகங்களில் அதிகம், சிலவற்றில் குறைவு என்பதால் இது வெறும் உத்தேசக் கணக்குதான்.

ஆனால் இந்த எண்ணை ரெண்டு தடவை யோசிச்சுத்தான் வாசிக்கணும். '7 மடங்கு' என்றால் மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வரும் என்று பொருள் இல்லை. பலர் எந்தப் பாதிப்பும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் சக்திவேல் சடையப்பன் குழு நடத்தி 2018ல் வெளியிட்ட ஆய்வு, படத்தை இன்னும் தெளிவாக்கியது. 25 எழுத்துகள் விடுபட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருந்தது. இரண்டும் சேர்ந்திருந்தவர்களிடம், இதயம் வழக்கத்தைவிட மிகையாகச் சுருங்கும் அறிகுறிகள் தெரிந்தன. அதாவது, ஆபத்து அந்த 4 சதவீதத்தினருக்கும் ஒரே அளவில் இல்லை.

பாசியிலிருந்து மாத்திரை வரை

பிரேக் சரியில்லை என்றால் மயோசினையே கொஞ்சம் அடக்கி வைக்க முடியாதா? முடியும். அந்த வழி தொடங்கியது ஒரு குளத்துப் பாசியில்.

1983ல் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்பூடிக், மைக்கேல் ஷீட்ஸ் இருவரும் நைட்டெல்லா என்ற பாசியின் செல்லை வெட்டித் திறந்தார்கள். உள்ளே ஆக்டின் இழைகள் தண்டவாளம் மாதிரி வரிசையாக இருந்தன. மயோசின் பூசிய நுண்ணிய மணிகளை அதன் மேல் விட்டார்கள். மணிகள் ஓடின. மயோசினின் வேகத்தை நேரடியாக அளக்கும் வழி அன்று கிடைத்தது. கைனீசினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ரொனால்ட் வேலுடன் சேர்த்து, இந்த இருவருக்கும் 2012ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

பிற்பாடு ஸ்பூடிக் இணைந்து தொடங்கிய நிறுவனத்தில் உருவானது மாவகாம்டென் என்ற மருந்து. ஆக்டினைப் பிடிக்கத் தயாராக இருக்கும் மயோசின் தலைகளின் எண்ணிக்கையை அது குறைக்கிறது. இதயத் தசை தடித்து ரத்த ஓட்டத்தை மறிக்கும் ஒரு வகை நோய்க்காக, 2022 ஏப்ரலில் எஃப்டிஏ அதை அங்கீகரித்தது. பாசியில் ஓடிய மணிக்கும் இந்த மாத்திரைக்கும் நடுவே 39 ஆண்டுகள். 'பாசியைப் பார்த்து என்னத்த கண்டுபிடிக்கப் போறாங்க' என்று அன்று யாராவது நிதியை நிறுத்தியிருந்தால்?

நாம் என்ன செய்யணும்?

எல்லாரும் ஓடிப்போய் ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா? தேவையில்லை. இதயத் தசை தடித்துப்போகும் நோய் உலக அளவில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதற்கு இந்த 25 எழுத்துகளைத் தவிர வேறு பல மரபணு மாற்றங்களும் காரணம்.

மரபணுப் பரிசோதனைக்கு முன்பு செய்யக்கூடியது, செலவே இல்லாத ஒன்று. வீட்டில் கேளுங்க.

- பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, சித்தப்பா, மாமா வழியில் யாராவது இளம் வயதிலோ நடுவயதிலோ திடீரென்று இறந்திருக்கிறார்களா?
- குடும்பத்தில் யாருக்காவது இதயம் வீங்கியிருக்கு, தசை தடிச்சிருக்கு, பம்பிங் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா?
- ஓடும்போதோ மாடி ஏறும்போதோ உங்களுக்கு மயக்கம், நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்திருக்கிறதா?

ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால், இதய மருத்துவரைப் பாருங்க. இசிஜி, எக்கோ இரண்டும்தான் பொதுவாக முதல் படி. மரபணுப் பரிசோதனை தேவையா என்பதை அதற்குப் பிறகு அவர் சொல்வார்.

பல குடும்பங்களில் 'பெரியப்பா தூக்கத்துலயே போயிட்டார், நல்ல சாவு' என்று ஒரே வரியில் முடிந்துபோன கதைகள் உண்டு. அப்போது அவருக்கு என்ன வயது, அதற்கு முன் மூச்சு வாங்கியதா என்று ஒருமுறை கேட்டு வைப்பது, உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உதவக்கூடும்.